தசையின் மின்சாரமும் செயற்கைக் கையின் சரித்திரமும்

முழங்கைக்குக் கீழே கையை இழந்த ஒருவரிடம், இல்லாத அந்த விரல்களை மடக்கும்படி சொன்னால், எஞ்சி நிற்கும் முன்கையில் விரல்களை மடக்குவதற்கென்றே அமைந்த தசைகள், தாம் இழுக்கவேண்டிய விரல்கள் போய்விட்டதை அறியாதவைபோலப் பழையபடியே சுருங்குகின்றன. சுருங்கும்போது, சில மில்லிவோல்ட்டுக்கு மேற்படாத அற்ப மின்சாரம் ஒன்றையும் பழையபடியே எழுப்புகின்றன. இந்த அற்ப சமிக்ஞையைக் கொண்டு மரவிரல்களை அசைக்கும் பிரயத்தனத்தின் சரித்திரத்தை நோக்கினால், அதில் யோசனைக்கு எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை என்பதும், யோசனையைச் சுமந்து செல்லத்தக்க கருவிக்காகவே மனிதர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது என்பதும் புலனாகும்.

இத்தாலியில் போலோஞா நகரத்து லூயிஜி கால்வானி தவளைக் கால்களின் துடிப்பைப் பற்றி 1791-ல் எழுதியது பலரும் அறிந்ததே. ஆனால் மனிதன் தன் இச்சையால் தசையைச் சுருக்கும்போது மின்சாரம் பிறக்கிறது என்பதைக் கண்ணால் காணும்படி நிரூபித்த பெருமை, பெர்லினில் வாழ்ந்த எமில் டூ புவா-ரேமோன் என்பவருக்கே உரியது. 20,000-க்கும் மேற்பட்ட சுற்றுக் கம்பியைத் தம் கையாலேயே சுற்றி ஒரு கால்வனாமீட்டரைச் செய்துகொண்ட அவர், இரண்டு உப்புநீர்ப் பாத்திரங்களில் இரு கைகளின் விரல்களையும் தோய்த்து, ஒரு கையை மட்டும் இறுக்கியபோது, காந்த ஊசி சற்றே விலகக் கண்டார். மேல்தோல் மின்சாரத்தைத் தடுக்கிறது என்று ஊகித்து, தம் முன்கைகளில் கொப்புளம் எழுப்பித் தோலை உரித்துவிட்டு, அந்தப் புண்ணின்மேலேயே தொடுப்பை வைத்துப் பார்க்க, ஊசி முன்னிலும் பன்மடங்கு விலகியது. சாஸ்திரத்தின் பொருட்டுத் தவளையை வருத்தியவர் எண்ணற்றோர். தம்மையே வருத்திக்கொண்டவர் சிலரே. 1849-ல், உலகம் சுற்றிய மகாபண்டிதர் அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட், எண்பதை எட்டும் பருவத்திலும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பரீட்சைக்கு அமர்ந்து, ஊசியை நகர்த்திக் காட்டினார்.

அதன் பிறகு எண்பது ஆண்டுக் காலம் இந்த ஞானம் பெரும்பாலும் பரிசோதனைச் சாலையைத் தாண்டவில்லை. வானொலிக்காகப் பிறந்த வால்வு, நலிந்த மின்சாரத்தைப் பெருக்கிக் கொடுக்கும் வித்தையை வைத்தியத்துக்கும் கடன் கொடுத்த பின்பே நிலைமை மாறியது. 1929-ல் இங்கிலாந்தில் ஏட்ரியன், பிராங்க் என்னும் இருவர் தசைக்குள் நுழைக்கும் நுண்ணிய ஊசி ஒன்றை அமைத்து, தசையின் துடிப்புகளை ஒலிபெருக்கியில் காதால் கேட்கவும் செய்தார்கள். கை கால் சோர்ந்துவிட்ட நோயாளியின் குற்றம் நரம்பில் உள்ளதா, தசையிலேயே உள்ளதா என்று பிரித்தறிய ஆஸ்பத்திரிகளில் இன்றும் கையாளப்படும் சோதனை அவ்வழியில் வந்ததே.

கையில்லாதவர்களைப் பெருந்தொகையாக உண்டாக்கியவை இரு மகாயுத்தங்கள். முதல் யுத்தத்தின்போது ஜெர்மானிய ரணவைத்தியர் ஃபெர்டினாண்ட் ஸாவர்பிரூக், எஞ்சிய தசையின் ஊடே தோலால் ஒரு துளைவழி அமைத்து, அதில் தந்தத்தாலான முளையைச் செருகி, முளையின் அசைவைக் கொண்டு செயற்கை விரல்களை இழுக்கும் முறையை வகுத்தார். தசையின் வலிமையையே நம்பிய அம்முறைக்கு மாறாக, அதன் மின்சாரத்தை மட்டும் ஏவலாளாக்கி, உழைப்பை மோட்டாருக்கு விடலாம் என்று இரண்டாம் யுத்தத்தின் இறுதிக் காலத்தில் துணிந்தவர், மியூனிக்கில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த ரைன்ஹோல்ட் ரைட்டர். அவர் அமைத்த கை 1948-ல் ஹனோவர் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. ஆனால் வால்வுகளோடு கூடிய அதன் பெருக்கியைத் தூக்கிக்கொண்டு நடமாட இயலாது. வேலை மேஜையருகே அமர்ந்தவருக்கு மட்டுமே அது பயன்படும். அக்கை விரைவில் மறக்கப்பட்டது. பின்னால் வந்தவர்கள் அதே வழியைத் தாமாகவே மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

வால்வின் இடத்தில் டிரான்சிஸ்டர் வந்தவுடன் பெருக்கி இடுப்புப் பட்டையில் அடங்கிவிட்டது. 1960-ல் மாஸ்கோவில் கூடிய சர்வதேச தானியக்க விஞ்ஞானிகளின் மாநாட்டில், கையில்லாத பதினைந்து வயதுப் பையன் ஒருவன், அலெக்ஸாண்டர் கோப்ரின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் அமைத்த கையால் சுண்ணக்கட்டியை எடுத்து, கரும்பலகையில் தெளிவாக எழுதினான். பிரிட்டனும் கனடாவும் அந்தக் கையைச் செய்யும் உரிமையை விலைக்கு வாங்கின. பிறகு பாஸ்டனிலும், கனடாவின் ஃபிரடெரிக்டனிலும், வேறு பல இடங்களிலும் வேலை துரிதமாயிற்று.

எனினும் இக்கைகளைப் பெற்றவர்களுள் கணிசமானோர் அவற்றைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய இரும்புக் கொக்கிக்கே திரும்பினார்கள். அவர்களை நன்றியற்றவர்கள் என்று நினைப்பது நியாயமாகாது. வியர்வை பட்டால் சமிக்ஞை குழம்பும், கையோ கனக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஏவல் மூளையிலிருந்து கைக்குப் போகிறதே அல்லாமல், கையிலிருந்து ஸ்பரிசம் ஏதும் திரும்பி வருவதில்லை, ஆகையால் பிடித்த முட்டை உடையாமல் இருக்கிறதா என்பதைக் கண்ணே கவனிக்கவேண்டும். கொக்கியிலோ, அதை இழுக்கும் கயிற்றின் இறுக்கமாவது தோளுக்குத் தெரியும்.

இந்த ஒருவழிப் போக்குவரத்துக்கு மாற்று, ஓரளவுக்கேனும், 2002-ல் சிகாகோவில் எதிர்பாராத விதமாகத் தென்பட்டது. தோளோடு கைகளை இழந்த ஒருவருக்கு, கைக்குச் செல்லவேண்டிய நரம்புகளை மார்புத் தசையில் கொண்டுபோய் இணைத்தார்கள். டாட் குய்கென் என்னும் வைத்தியர் வகுத்த அந்தத் திட்டத்தின் நோக்கம், கையை மூட நினைத்தால் மார்பில் சமிக்ஞை எழவேண்டும் என்பதே, அது நிறைவேறியது. ஆனால் நரம்புகள் அத்தோடு நிற்காமல் மார்பின் தோலிலும் ஊடுருவியிருந்தன. அங்கே தொட்டபோது, தம் இழந்த கையில் தொடுவதாகவே அவர் உணர்ந்தார்.