ஜவ்வாது மலையடிவாரமும் பரலோக நம்பிக்கையும்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே உள்ள செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பல்லவர் காலம் முதலான அந்தக் கற்களில் பல, தொறு எனப்படும் ஆநிரைக்காக நடந்த பூசல்களில் மாண்டவர்களுக்கு எடுக்கப்பட்டவை. இப்பகுதியை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமும் வழியில் எதிர்ப்படும் நடுகற்களைக் குறிப்பிடுகிறது. போரில் பட்டவன் வீரசுவர்க்கம் புகுவான் என்பது இந்த நிலத்தின் பழைய நம்பிக்கை. பிற்காலத்து அடுக்கு நடுகற்கள் சிலவற்றில், தேவமகளிர் வீரனை மேலே அழைத்துச் செல்வதையே செதுக்கியிருக்கிறார்கள். ஒரே நாளில், ஒரே சாவில் கிடைத்துவிடும் மேலுலகம் அது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதே மலையின் அடிவாரத்துக்கு வேறொரு மேலுலக நம்பிக்கை வந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதற்குப் பரலோகம், பரமண்டலம், மோட்சம், விண்ணரசு என்று பல சொற்களை வைத்திருக்கிறார்கள். இச்சொற்களுக்குள்ளேயே இரண்டு பொருள்கள் உண்டு. மோட்சம் என்றால் இறந்தபின் போய்ச் சேரும் இடம். விண்ணரசு என்றால் இங்கே வர வேண்டிய ஆட்சி. மேலே நடக்கும் கடவுளின் விருப்பம் கீழேயும் நடக்கட்டும் என்று இயேசு கற்பித்த ஜெபத்தில் வேண்டப்படுவது இதுதான். மேலே பார்ப்பவன் கீழே உள்ள துன்பத்தை மறந்துவிடுவான் என்ற குற்றச்சாட்டு இந்த நம்பிக்கையின் மீது நெடுங்காலமாக உண்டு. அது எந்த அளவு சரி என்பதைக் கொள்கை விவாதத்தைவிட, அந்த நம்பிக்கையோடு வாழ்ந்தவர்களின் அன்றாடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எளிது.

கிறிஸ்துகுல ஆசிரமம்

ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் நடுவில் இருக்கிறது திருப்பத்தூர். அன்று அது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1921-இல் சவரிராயன் இயேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சீர்திருத்தச் சபையினர் இந்தியாவில் தொடங்கிய முதல் ஆசிரமங்களில் அது ஒன்று. மக்கள் இயேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். (இந்த மலைகளில் வாழும் மலையாளி பழங்குடியினர், தங்கள் முன்னோரைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் கதையிலும் ஒரு பெரியண்ணனும் சின்னண்ணனும் உண்டு. தற்செயல்தான், ஆனாலும் நினைவில் நிற்கிறது.)

இப்பெயர்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆட்சி வெள்ளையருடையதாக இருந்த காலத்தில் இந்த வீட்டில் தமிழர் மூத்தவர், வெள்ளையர் இளையவர். அன்றைய மிஷன் பங்களாக்களில் இப்படி ஒரு வரிசையைக் காண்பது அரிது. தேவனுடைய ராஜ்யத்தில் இனமும் நிறமும் இல்லை என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்வது எளிது. ஒரே பந்தியில் தினமும் உட்கார்ந்து சாப்பிடுவதும், ஒரே பணப்பையில் செலவு செய்வதும் கடினம். இருவரும் திருமணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஆசிரமத்து ஜெபாலயத்தைக் கோபுரம் வைத்துத் திராவிடக் கட்டடக் கலையில் கட்டினார்கள். இயேசுதாசன் 1937-இல் ஆசிரமங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார்.

பேட்டனின் குடும்பம் ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் கம்பளி நூல் ஆலைகள் நடத்திய செல்வக் குடும்பம். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை கைராட்டை நூலை உடுத்தியதை அக்காலத்து ஆங்கிலேயர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். ஊகிக்கவே தேவையில்லாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1932-இல், சட்டமறுப்பு இயக்கத்தின்போது, சென்னைத் தெருவில் போலீசார் அவரைத் தடியால் அடித்து, வண்ணநீரைப் பீய்ச்சினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அது பற்றிக் கேள்வி எழுந்தது. பரலோகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்த அடி விழுந்திருக்காது.

மலைமேல் ஒரு வீடு

திருப்பத்தூரில் அந்த நம்பிக்கை சமமான வாழ்க்கை என்ற வடிவத்தில் தெரிந்தது. சாவின் முன் அது எப்படி நின்றது என்பதற்கு இன்னொரு மலைக்குப் போக வேண்டும். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகள்தாம் நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையிலும் வாழ்கிறார்கள். 1913-இல் திருமணம் முடித்த கையோடு ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும் அங்கே வாழவந்தியில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி முறையான மருத்துவர் அல்ல. ஓராண்டு மருத்துவப் பயிற்சி மட்டும் பெற்றவர். பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், தச்சுவேலை கற்றுக்கொடுத்தார், பள்ளி நடத்தினார்.

மலையில் அப்போது நரம்புச்சிலந்தி நோய் பரவலாக இருந்தது. நோயாளி கிணற்றுப் படியில் இறங்கித் தண்ணீரில் கால் வைத்தால் புண்ணிலிருந்து புழுவின் முட்டைக்குஞ்சுகள் நீரில் கலக்கும். அந்த நீரைக் குடிப்பவருக்கு அடுத்த ஆண்டு நோய் வரும். புழுவைக் குச்சியில் சுற்றிச் சிறிது சிறிதாக இழுத்து எடுக்க வேண்டும், அறுந்தால் சீழ் பிடிக்கும். எனவே யாரும் உள்ளே இறங்க முடியாத கிணறுகளை அமைக்கவும் பிராண்ட் தம்பதியர் பாடுபட்டார்கள். இந்தியா முழுவதும் இந்நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

முதல் சில ஆண்டுகள் மலையில் ஒருவரும் அவர்கள் மதத்தில் சேரவில்லை. முதல் உலகப்போரின் முடிவில் வந்த விஷக்காய்ச்சலின்போது தம்பதியர் வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோனார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த ஊர்ப் பூசாரியும் நோயில் விழுந்து, சாகும் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன்பின் மக்கள் நெருங்கி வந்தனர். இதைக் கருணையின் கதையாக மட்டும் சொல்வது முழுமையாகாது. ஆபத்துக் காலத்தில் உதவி பெற்றவர்கள் மதம் மாறுவது பற்றிக் காந்தியடிகள் உட்படப் பலர் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், அது நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: கஞ்சியும் கிணறும் மதம் மாறாதவர்களுக்கும் கிடைத்தன.

இதற்கான விலையைக் குழந்தைகளும் கொடுத்தார்கள். மகன் பால் பிராண்டும் மகள் கானியும் 1923-இல் படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டனர். அப்போது பாலுக்கு வயது ஒன்பது. 1929-இல் கடும் மலேரியாக் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். அதுவரை மகன் அவரை மீண்டும் பார்க்கவில்லை. சாவுச் செய்தி தந்தியில் வந்துவிட்டது. கப்பலில் வரும் தந்தையின் கடிதங்களோ அதன்பிறகும் வந்துகொண்டிருந்தன. மோட்சத்தில் மறுபடி சந்திப்போம் என்ற நம்பிக்கை இல்லாமல் இத்தகைய பிரிவை அக்குடும்பம் ஏற்றிருக்குமா என்பது ஐயமே. அந்த நம்பிக்கையே பிரிவை எளிதாக்கியது என்று குறை சொல்பவர்களும் உண்டு. அவர்களை மறுப்பது கடினம்.

பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் சீராக்கும் முறையில் அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய அந்த மருத்துவமனையின் சமூக நலப்பணி இன்று ஜவ்வாது மலை ஊர்களையும் எட்டியிருக்கிறது.

எவலின் கணவர் இறந்தபின் ஊருக்குப் போய், மீண்டும் திரும்பி வந்தார். வயதானதும் மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் மலைக்கே போய்விட்டார். அதன்பின் யாருடைய சம்பளமும் இல்லாமல், மட்டக் குதிரையில் மலை மலையாகச் சுற்றினார். கால் தளர்ந்த பின்னும், கோலூன்றி நடந்து ஊர்களுக்குப் போய் மருந்து கொடுத்தார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். உடலைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோய், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஜெஸ்ஸியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில், வாழவந்தியில் புதைத்தார்கள்.