மாற்றுப்பாதைதான் மூத்த பாதை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கடலோரமாகவே காரில் போகத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: பிக் சர் சாலை திறந்திருக்கா? கார்மெலுக்கும் சான் சிமியோனுக்கும் நடுவே, மலையும் கடலும் இடைவெளியே விடாமல் ஒட்டி நிற்கும் சுமார் 145 கிலோமீட்டர். கலிஃபோர்னியாவின் ஹைவே ஒன் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் படங்கள் பெரும்பாலும் இந்தத் துண்டில் எடுத்தவைதான். கனமழை பெய்தால் அடிக்கடி அடைபடுவதும் இதே துண்டுதான்.

எங்கள் தொழிலில் சாலை வலைப்பின்னலை கிராஃப் என்போம். அதில் ஒரு இணைப்பு அறுந்தால், மேப் ஆப் கொஞ்சமும் வருத்தப்படாமல் அடுத்த சுருக்கமான வழியைக் காட்டும். இங்கே அது காட்டுவது மலைக்கு அந்தப்பக்கம் சலினாஸ் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் 101. லெட்டூஸ் வயல்கள், வரிசையாக லாரிகள். அந்தப் பள்ளத்தாக்கில் கடல் கண்ணிலேயே படாது. "போச்சு, ட்ரிப்பே வேஸ்ட்" என்று தோன்றும். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் கதை தலைகீழாக இருக்கிறது. அந்த மாற்றுப்பாதைதான் மூத்தது.

1769-ல் கஸ்பார் தெ போர்த்தோலா தலைமையில் ஒரு ஸ்பானியப் படை, மான்டரே விரிகுடாவைத் தேடி சான் டியேகோவிலிருந்து வடக்கே நடந்தது. கூடவே ஹுவான் கிரெஸ்பி என்ற பாதிரியாரும் மிகுவேல் கொஸ்தான்சோ என்ற பொறியாளரும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே போனார்கள். செப்டம்பர் நடுவில், இன்றைய ராகட் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் நடக்கக் கரையே இல்லாமல் போனது. சாண்டா லூசியா மலை நேராகக் கடலில் இறங்கி நின்றது. வேறு வழியில்லாமல் மலையேறி, சலினன் மக்கள் வாழ்ந்த பகுதி வழியாக சலினாஸ் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். நம் ஆப் காட்டும் வழியும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு வருடம் கழித்து, 1771-ல், அந்தப் பக்கத்தில் சான் அந்தோனியோ மிஷன் எழுந்தது. கடலோரத்தை ஸ்பானியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். மான்டரேக்குத் தெற்கே கிடக்கும் பெரிய நிலம் என்பதுதான் அதற்கு அவர்கள் வைத்த பெயர். பிக் சர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

கடலோரச் சாலை என்ற யோசனை ஒரு கப்பல் விபத்தில் தொடங்குகிறது. 1894-ல் பாயின்ட் சர் அருகே லாஸ் ஏஞ்சலிஸ் என்ற நீராவிக் கப்பல் மூழ்கியது. காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க மான்டரேயிலிருந்து குதிரை வண்டியில் போனவர் டாக்டர் ஜான் ராபர்ட்ஸ். இங்கே ஒரு சாலை வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1897-ல் சான் சிமியோன் வரை நடந்தே போய்ப் பார்த்தார். கட்டுமானம் 1919-க்குப் பிறகுதான் நகர்ந்தது. சான் க்வென்டின் சிறைக் கைதிகள் நாளுக்கு 35 சென்ட் கூலிக்கும் தண்டனைக் குறைப்புக்கும் பாறைகளை உடைத்தார்கள். எல்லோரும் செல்ஃபி எடுக்கும் பிக்ஸ்பி பாலம் 1932-லேயே முடிந்துவிட்டது. சாலை முழுசாகத் திறந்தது 1937 ஜூனில்.

மலை என்னவோ சாலையை ஒத்துக்கொள்ளவே இல்லை. கோன் பீக் கடலிலிருந்து 5 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,500 மீட்டருக்கு மேல் எழும்புகிறது. நொறுங்கிய பாறைக் கலவை, அடியில் அலை அரிப்பு, மேலே மழை. 1983-ல் ஒரு பெரிய சரிவு சாலையை அடைத்தது. அதற்கு முன்பு மெக்வே அருவி நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. சரிந்த மண்ணும் சாலையைச் சீர்செய்தபோது தள்ளிய மண்ணும் சேர்ந்துதான் இன்று போஸ்ட்கார்டில் நாம் பார்க்கும் அந்த மணல்கரை ஆனது.

2017-ல் நடந்ததுதான் உச்சம். பிப்ரவரியில் ஃபைஃபர் கேன்யன் பாலம் விரிசல் விட்டது. மே 20 அன்று மட் க்ரீக்கில் மலை சரிந்து, சாலையின் 400 மீட்டரைப் புதைத்துக் கடலுக்குள் புது நிலத்தையே போட்டது. நடுவில் இருந்தவர்கள் தீவுவாசிகள் ஆனார்கள். பள்ளிக்கும் வேலைக்கும் போக, உடைந்த பாலத்தைச் சுற்றி காட்டுக்குள் ஒரு நடைபாதை வெட்ட வேண்டியிருந்தது. மட் க்ரீக் சாலை 2018 ஜூலையில் திறந்தபோது ஆன செலவு 5.4 கோடி டாலர். புதைந்த மண்ணைத் தோண்டவில்லை, அதன் மேலேயே புதுச் சாலை போட்டார்கள். 2023 ஜனவரியில் பால்ஸ் ஸ்லைடு அடைத்தது. அது திறக்கும் முன்பே 2024 மார்ச்சில் ரீஜென்ட்ஸ் ஸ்லைடு விழுந்தது.

400 மீட்டருக்கு இவ்வளவு கொட்டணுமா, மலையிடமே விட்டுவிடலாமே என்று தூரத்திலிருந்து கேட்பது சுலபம். அங்கே வீடு வைத்திருப்பவருக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி, சமையலறை அமர்த்தும் ஹோட்டல் தொழிலாளிக்கு அதுதான் சம்பளம்.

சரி, சாலை மூடியிருக்கும்போது போகிறவர் என்ன செய்வது? ஒரே கோடாகப் போடாமல் இரண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தெற்கே கேம்ப்ரியா, பியட்ராஸ் பிளாங்காஸில் யானைச் சீல்கள், ராகட் பாயின்ட். பிறகு 46-ல் மலை தாண்டி 101-ல் ஏறுங்கள். வடக்கே மான்டரேயில் இறங்கி, பிக்ஸ்பி தாண்டி, தடுப்பு வரை தெற்கே வந்து திரும்புங்கள். நாசிமியன்டோ மலைச்சாலையை ஆப் குறுக்குவழியாகக் காட்டலாம். குறுகலான, வளைந்து நெளியும் பாதை, அதுவும் அடிக்கடி மூடப்படுவது. அன்றைய நிலவரத்தைச் சாலைத் துறையிடம் பார்க்காமல் அதில் வண்டியை விட வேண்டாம். நேரம் மிச்சம் இருந்தால் கிங் சிட்டியில் 101-ஐ விட்டு விலகி சான் அந்தோனியோ மிஷனுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கடல் தெரியாது. ஆனால் 1769-ல் கடலோரம் வழி மறுத்தபோது அந்தப் படை எந்தப் பக்கம் திரும்பியது என்பது அங்கே நின்றால் புரியும்.