மண்ணைக் குலைக்காமல் மண் இறுக்கம் அளத்தல்: கரிசல் நிலம்

மண் இறுக்கம் என்பது இயந்திரங்களின் எடையாலும், ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப உழுவதாலும் மண்துகள்கள் நெருங்கி, அவற்றினிடையே காற்றும் நீரும் தங்கும் துளைகள் சுருங்கிப்போகும் நிலையாகும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, மல்லி ஆகியவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிப் பயிர்களாகையால், பெய்த நீரை அடிமண்ணுக்கு இறங்கவிடாத இறுகிய அடுக்கு அங்கே பெருங்கேடாகும்.

உருளை வளையத்தை மண்ணில் இறக்கி எடுத்து, உலர்த்தி எடைபோட்டு, பருமவடர்த்தியை, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் உலர் எடையைக் காண்பதே பழைய முறை. கூம்புமுனை ஊடுருவுமானி மண்ணின் எதிர்ப்பை அளக்கிறது. அது 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் வளர்ச்சி வெகுவாகக் குன்றும் என்று கொள்ளப்படுகிறது. இரண்டுமே அளந்த இடத்தைத் துளைத்துவிடுவதால், அதே இடத்தை அடுத்த பருவத்தில் மீண்டும் அளக்க வழியில்லை.

மின்தடை முறை இக்குறையைத் தவிர்க்கிறது. ஃபிராங்க் வென்னர் 1915இல் விளக்கிய அமைப்பில், சம இடைவெளியில் ஆழமின்றி ஊன்றிய நான்கு முளைகளுள் வெளிமுளைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள்முளைகளுக்கிடையே மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழத்திலுள்ள அடுக்குகளின் தன்மையும் அளவீட்டில் சேரும். சம்மட்டியால் தட்டி எழுப்பிய அதிர்வலையின் வேகத்தைக் கணிக்கும் முறையும் உண்டு. விறைப்பான மண்ணில் அலை விரைந்து செல்லும். தரை ஊடுருவும் ரேடாரின் அலைகளைக் களிமண் உறிஞ்சிவிடுவதால், அது கரிசலைவிடச் செவலுக்கே பொருந்தும்.

ஆயினும் கரிசலில் எந்தக் கருவியின் எண்ணையும் தனித்து நம்பலாகாது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் ஸ்மெக்டைட் வகைக் களி அதில் மிகுந்திருப்பதால், ஒப்பிடுவதற்கு அடிப்படையான பருமவடர்த்தியே ஈரத்தோடு சேர்ந்து மாறுகிறது. மண் இறுகினால் மின்தடை குறையும். ஈரம் கூடினாலும் குறையும். அதிர்வலை வேகமோ இறுக்கத்தாலும் கூடும், வெறும் காய்ச்சலாலும் கூடும். கோடையில் விழும் வெடிப்புகள் மின்னோட்டத்தையும் அலையையும் இடையில் துண்டிக்கின்றன. எனவே நல்ல மழைக்குப் பின் வெடிப்புகள் மூடி, ஈரம் ஓரளவு சமப்பட்ட நாட்களில், ஈரப்பதத்தையும் உடன் அளந்து, சக்கரம் ஏறாத வரப்போர மண்ணோடு ஒப்பிடுவதே தக்க வழியாகும்.

இறுகிய அடிமண்ணை உடைக்க, 50 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உளிக்கலப்பையால் உழும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அவ்வாறு உழுத நிலம் எத்தனை மழைக்காலம் வரை மீண்டும் இறுகாமல் இருக்கிறது என்பதை, வரப்பில் அடையாளமிட்ட அதே கோட்டில், ஏறக்குறைய அதே ஈரத்தில், ஆண்டுதோறும் முளைகளை ஊன்றி அளந்து அறியலாம்.