மலைச்சரிவும் இழுவைப் பாரமும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வண்டி எவ்வளவு பாரம் இழுக்கும் என்பதைத் தீர்மானித்தது மாட்டின் வலிமையைவிட மலையின் சரிவே ஆகும். 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டபோது, அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கிய தளவாடங்கள் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை மாட்டுவண்டியில் கடந்து கூடலூரை அடைந்து, அதன் பின்னரே மலைப்பாதையில் ஏறின.

காளை நாள் முழுதும் தளராமல் செலுத்தும் இழுவிசையை அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்காகக் கொள்வது பொதுவான கணக்கு. இதன்படி 350 கிலோ எடையுள்ள காளைகள் இரண்டின் விசை 70 கிலோ. கப்பிச் சாலையின் சமதளத்தில் சக்கரம் உருள்வதற்கான தடை மொத்த எடையில் 25இல் ஒரு பங்கு எனக் கொண்டால், வண்டியும் பாரமும் சேர்ந்து 1,750 கிலோ வரை நகரும். 20 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்திலோ, காளைகள் தம் உடலை மேலேற்றவே 35 கிலோ விசை போய்விடுவதாலும், தடையும் ஏற்றமும் சேர்ந்து ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 9 கிலோ விசை கேட்பதாலும், எஞ்சிய விசை வண்டியையும் சேர்த்து ஏறத்தாழ 390 கிலோவுக்கே போதும். காளைகள் சிறிது நேரம் இதனினும் பன்மடங்கு விசை காட்டவல்லவை என்பதால்தான், சக்கரத்தின் பின்னே முட்டுக்கட்டை வைத்து, இளைப்பாற்றி இளைப்பாற்றி ஏற்றும் முறை பயன்பட்டது.

பாரத்தின் அளவைப் போலவே அது அமரும் இடமும் முக்கியமானது. அச்சுக்கு முன்னே எடை மிகுந்த முன்பாரம் நுகத்தடி வழியாகக் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்த பின்பாரம் ஏர்க்காலை மேலே தூக்க, பூட்டாங்கயிறு காளையின் தொண்டையை நெரிக்கும். ஏற்றத்தில் வண்டி பின்சாய்வதால், மூட்டைகளைச் சற்றே முன் தள்ளி அடுக்க வேண்டியிருந்தது.

மாட்டை மாற்றாமல் பாதையை மாற்றியது மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு. 1902இல் அங்கே அமைந்த ஒற்றைத் தண்டவாளப் பாதையில், எடையின் பெரும்பகுதியைத் தண்டவாளச் சக்கரங்கள் தாங்க, சாலையில் உருண்ட பெரிய சக்கரம் ஒன்று வண்டியைச் சாயாமல் காக்க, காளைகளே இழுத்தன. இரும்பின்மேல் இரும்பு உருளும்போது தடை பெரிதும் குறைவதே இதன் சிறப்பு. இப்பாதையில் டாப் ஸ்டேஷனை அடைந்த தேயிலை, கயிற்றுப்பாதை வழியே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்கு வண்டியில் சென்றது. 1908இல் ஒற்றைத் தண்டவாளப் பாதைக்குப் பதிலாக வந்த சிறு ரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. போடிநாயக்கனூருக்கு 1928இல் ரயில் வந்தது.

பிக்கப் வாகனத்துக்குப் பின்னே டிரெய்லர் பூட்டுவோர்க்கும் மாட்டுவண்டியின் இந்தப் பாரக் கணக்கே அடிப்படை. வாகனமும் டிரெய்லரும் சேர்ந்து தாங்கத்தக்கதெனத் தயாரிப்பாளர் வரையறுத்த மொத்த எடையிலிருந்து, ஆட்களும் சரக்கும் ஏறிய வாகனத்தின் உண்மையான எடையைக் கழித்தால் கிடைப்பதும், தயாரிப்பாளர் குறித்த இழுவை வரம்பும் ஆகிய இரண்டில் சிறியதே டிரெய்லருக்கு மிஞ்சும் உச்ச அளவு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியில் அமர வேண்டும் என்ற விதி முன்பாரமேயன்றி வேறில்லை. அது குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 17 கொண்டையூசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு இறக்கத்தில், ஏற்றத்துக்குப் போதிய எஞ்சின் இருப்பினும், பாரத்தைத் தடுத்து நிறுத்த டிரெய்லருக்கெனத் தனி பிரேக் இன்றியமையாதது.