கொடைக்கானல் மலையில் கிரகோரியப் பாடல்

கிரகோரியப் பாடல் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் உரோமை வழிபாட்டு முறைக்குரிய பழைமையான இலத்தீன் பாட்டுமுறை ஆகும். திருத்தந்தை முதலாம் கிரகோரியின் (590–604) பெயரைத் தாங்கினாலும், இது 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பிராங்கியர் ஆட்சிப்பகுதியில் உருப்பெற்றது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

இசை இயல்பு

பாடுவோர் அனைவரும் ஒரே மெட்டை ஒரே குரலாகப் பாடுவர். தாளக்கட்டு இல்லை, சொல்லின் ஓட்டமே பாட்டின் நடை. தாளமின்றி விருத்தம் பாடக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெட்டுகள் எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டு, நான்கு கோடுகளில் சதுரக் குறிகளால் எழுதப்படுகின்றன.

செண்பகனூர்

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் சாலையில் பெருமாள்மலையைக் கடந்து சென்றால், கொடைக்கானலுக்குச் சற்று முன் செண்பகனூர் உள்ளது. மதுரை மறைப்பணித் தளத்தின் இயேசு சபையினர் 1895இல் இங்கு திரு இருதயக் கல்லூரியை நிறுவி, இளந்துறவியரைப் பயிற்றுவித்தனர். பெனடிக்ட் சபைத் துறவியரைப் போல நாள்தோறும் பலமுறை கூடி நின்று பாடும் கடமையைப் புனித இஞ்ஞாசியார் தம் சபைக்கு விதிக்கவில்லை. எனவே இயேசு சபை இல்லங்களில் இப்பாடலுக்குரிய இடம் பெரும்பாலும் பாடற்பூசையும் புனித வார வழிபாடுமே.

1903ஆம் ஆண்டின் ஆணை

திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903 நவம்பர் 22 அன்று வெளியிட்ட ஆணை, கிரகோரியப் பாடலைத் திருச்சபை இசையின் உயர்ந்த முன்மாதிரியாக அறிவித்தது. பாடற்பூசையில் மக்கள் மொழிப் பாடல்களை அது தடை செய்தது. இதனால் தமிழ்ப் பாடல்கள் நவநாள், தேர்ப்பவனி போன்ற பக்தி முயற்சிகளிலேயே ஒலித்தன. வீரமாமுனிவர் தேம்பாவணி இயற்றிய மொழிக்குப் பெருவிழாப் பாடற்பூசையில் இடம் கிடைக்கவில்லை.

சாந்திவனம்

கிரகோரியப் பாடலுக்குப் புத்துயிர் அளித்த பிரான்சின் சொலெம் மடத்தைச் சார்ந்தது கெர்கொனான் மடம். அங்குப் பயின்ற பெனடிக்ட் துறவி ஆன்றி லெ சோ 1948இல் தமிழகம் வந்தார். ஜூல் மொன்சானெனுடன் சேர்ந்து 1950இல் குளித்தலை அருகே சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். சாந்திவனம் எனப்படும் அங்குத் தமிழும் வடமொழியும் இறைவேண்டலில் இடம்பெற்றன. இலத்தீன் பாடலை நன்கறிந்த ஒருவரே இந்த மாற்றத்தில் பங்கேற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

சங்கத்திற்குப் பின்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்கள் மொழிக்கு வழிதிறந்தது. அதே ஏட்டின் 116ஆம் பிரிவு, உரோமை வழிபாட்டில் கிரகோரியப் பாடலுக்கு முதன்மை இடம் தரவேண்டும் என்றும் கூறுகிறது. இலத்தீன் பாடல் தடைசெய்யப்பட்டதாகப் பலர் எண்ணுவது சரியன்று. மக்கள் அறிந்திருக்க வேண்டிய எளிய பாடல்களைத் தொகுத்து, திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் ஆயர்களுக்கு அனுப்பினார்.

ஆயினும் பெரும்பாலான தமிழ்ப் பங்குகளில் தமிழ் வந்தபோது இப்பாடல் விலகிவிட்டது. மக்கள் தம் மொழியில் பாடும் உரிமை நெடுங்காலம் காத்திருந்து பெற்ற பேறு. அதற்காகப் பழைய பாடலை மறக்க வேண்டும் என்று சங்கம் கேட்கவில்லை.