விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் இந்தியத் தேர்தல் சீர்திருத்தமும்

ஒரு கட்சி பெறும் வாக்குகளின் பங்குக்கு ஏற்ப அதற்குச் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ இடங்களை ஒதுக்கும் தேர்தல் முறை விகிதாசாரப் பிரதிநிதித்துவம் எனப்படும். இந்தியாவில் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் இம்முறை இல்லை. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்பதே இங்குள்ள ஏற்பாடு. ஆனால் குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் ஒற்றை மாற்று வாக்கு வழியாக விகிதாசார முறைப்படி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 55, 80ஆம் பிரிவுகள் கூறுகின்றன. இத்தேர்தல்களில் எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கும்போது பொருந்தும் நியாயம், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் மக்கள் வாக்களிக்கும்போது மட்டும் ஏன் பொருந்தாது என்ற கேள்விக்கு இதுவரை சரியான பதில் வரவில்லை.

இன்றைய முறையின் விளைவைச் சேலம் மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம். மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. 2011இல் பதினொன்றையும் அ.தி.மு.க. அணி வென்றது. 2016இல் அ.தி.மு.க.வுக்குப் பத்து, தி.மு.க.வுக்குச் சேலம் வடக்கு ஒன்று மட்டும். 2021இல் மாநிலம் முழுவதும் காற்று மாறி தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோதும் இங்கே அதே பத்துக்கு ஒன்றுதான். அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் பத்துத் தொகுதிகளை எடுத்துக்கொள்ள, சேலம் வடக்கு மட்டும் தி.மு.க.விடம் இருந்தது. எடப்பாடியிலிருந்து கெங்கவல்லி வரை தி.மு.க. கூட்டணிக்கு வாக்களித்தவர்கள் சிறு கூட்டம் அல்லர். ஆனாலும் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் அவர்கள் வாக்கு ஓர் உறுப்பினரைக்கூடத் தரவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் இதே அநீதி எதிர்த் திசையில் நடந்தது. தி.மு.க. அணி சுமார் 47 விழுக்காடு வாக்குகளுடன் தமிழகத்தின் 39 இடங்களையும் வென்றது. அ.தி.மு.க. அணியின் சுமார் 23 விழுக்காடு, பா.ஜ.க. அணியின் சுமார் 18 விழுக்காடு, நாம் தமிழர் கட்சியின் சுமார் 8 விழுக்காடு எல்லாம் சேர்ந்தும் ஓரிடம்கூட இல்லை. மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு பங்கிட்டிருந்தால், வரிசைப்படி ஏறத்தாழ 19, 9, 8, 3 என்று வந்திருக்கும். முறை மாறினால் கூட்டணிகளும் மக்கள் வாக்களிக்கும் விதமும் மாறும் என்பதால் இதை ஊகக் கணக்காகவே கொள்ள வேண்டும். நாடு முழுவதிலும் இதே கதைதான். 2014இல் பா.ஜ.க. 31 விழுக்காடு வாக்கில் 282 இடங்களைப் பெற்றது. இரண்டு கோடிக்கு மேல் வாக்கு வாங்கிய பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஒன்றும் இல்லை.

ஓரிடத்தில் குவியாமல் சிதறி வாழும் மக்களை இம்முறை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். லீ பஜாரின் மண்டிகளும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் கொண்ட பழைய வணிகப் பகுதி அது. கொலுசுத் தொழிலாளர்கள் அங்கு மட்டும் இல்லை, நகரைச் சுற்றிப் பல ஊர்களிலும் பரவியிருக்கிறார்கள். எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை ஆக முடியாத இத்தகைய தொழிலாளர்களுக்கு, வெல்லக்கூடிய வேட்பாளரின் பின்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. விகிதாசார முறையில் மாவட்டம் முழுவதும் ஒரே பல்லுறுப்பினர் தொகுதியானால் நிலைமை வேறு. பதினொரு இடங்களில் ஓரிடத்துக்கு ஒன்பது விழுக்காட்டுக்குச் சற்று மேலான வாக்கு போதும். அதை நோக்கி அவர்கள் அணிதிரளலாம்.

அரசியல் நிர்ணய சபையில் இக்கோரிக்கை எழாமல் இல்லை. 1949 ஜனவரி 4 அன்று உறுப்பினர் காஜி சையத் கரீமுதீன் விகிதாசார முறை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் இரண்டு காரணங்களால் மறுத்தார். எழுத்தறிவு பரவலாக இல்லாத நாட்டுக்கு இம்முறை சிக்கலானது. கட்சிகள் சிதறி நிலையான அரசு அமையாது. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காட்டளவே இருந்ததை நினைத்தால் முதல் காரணம் அன்று வலுவானதுதான். இன்று அது நிற்காது. இரண்டாவது காரணத்தைச் சோதித்துப் பார்க்க, நமக்கு மிக அருகிலேயே நாற்பது ஆண்டுக்கு நெருங்கிய அனுபவம் இருக்கிறது.

இலங்கையில் 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி சுதந்திரக் கட்சியைவிடச் சற்று அதிக வாக்கு வாங்கியது. கூட்டணியில் நின்ற சுதந்திரக் கட்சிக்கு 91 இடங்களும் ஐ.தே.க.வுக்கு 17 இடங்களும் கிடைத்தன. 1977இல் ஊசல் மறுபக்கம் போனது. ஏறத்தாழப் பாதி வாக்குடன் ஐ.தே.க. 168இல் 140 இடங்களைப் பிடித்தது. முப்பது விழுக்காட்டளவு பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டு. வட கிழக்கில் வாக்குகள் குவிந்திருந்ததால் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வெல்ல, அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஐ.தே.க.வின் அந்த மாபெரும் பெரும்பான்மையைக் கொண்டே அதன் தலைவர் ஜே.ஆர். ஜெயவர்த்தன 1978 அரசியலமைப்பை நிறைவேற்றி, விகிதாசார முறையைப் புகுத்தினார். இனி ஒரு கட்சி தனியே மூன்றில் இரண்டு பங்கு பெற்று அதை மாற்றுவது கடினம் என்பதும் அவர் கணக்கில் இருந்திருக்கும். 1982இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால், முதல் விகிதாசாரப் பொதுத்தேர்தல் 1989 வரை தள்ளிப்போனது.

அம்முறையில் 225 உறுப்பினர்கள். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும், 29 பேர் நாடளாவிய வாக்குக் கணக்கில் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் இடம் உண்டு. கட்சிக்கு வாக்களித்தபின், அதன் வேட்பாளர்களில் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். இடம் பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்குப் பங்கான வெட்டுப்புள்ளி முதலில் 12.5 விழுக்காடாக இருந்தது; சிறு கட்சிகளின் கோரிக்கைக்குப் பின் அது 1988இல் ஐந்தாகக் குறைந்தது. தீமையும் உண்டு. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் மோதுகிறார்கள். மாவட்டம் முழுக்கப் பிரசாரம் செய்யப் பணம் தேவைப்படுகிறது. தன் ஊருக்கு யார் உறுப்பினர் என்ற தெளிவு வாக்காளருக்கு மங்குகிறது. ஆனால் நிலையான அரசு வராது என்ற அச்சம் மெய்ப்படவில்லை. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 61 விழுக்காட்டுக்கு மேல் வாக்கும் 159 இடங்களும் பெற்றது. மக்கள் உண்மையிலேயே பெரும்பான்மை கொடுத்தால் விகிதாசார முறையிலும் அது கிடைக்கும். கொடுக்காதபோது தேர்தல் முறை அதைச் செயற்கையாக உண்டாக்குவதில்லை.

தொகுதி முறையையும் விகிதாசார முறையையும் கலந்த வழிகளும் உள்ளன. நியூசிலாந்து 1993 பொதுவாக்கெடுப்பில் கலப்பு முறைக்கு மாறியது. நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு 275 இடங்களில் 165ஐத் தொகுதிக்கும் 110ஐ விகிதாசாரத்துக்கும் பிரித்தது. இந்தியச் சட்ட ஆணையமும் 1999இல் தன் 170ஆம் அறிக்கையில், இருக்கும் தொகுதிகளோடு 25 விழுக்காடு இடங்களைக் கூடுதலாகச் சேர்த்து அவற்றைக் கட்சிகளின் பட்டியல்களிலிருந்து நிரப்பலாம் என்று சொன்னது. ஆனால் பட்டியலில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதைக் கட்சித் தலைமையே முடிவு செய்தால், ஏற்கெனவே தலைமையின் கையில் எல்லாம் குவிந்திருக்கும் தமிழகக் கட்சிகளில் உறுப்பினர் மேலும் குரலற்றுப் போவார். சுயேச்சைகளுக்கு இடமிருக்காது. எனவே வேட்பாளரையும் வாக்காளரே தேர்ந்தெடுக்கும் திறந்த பட்டியலே இங்கு ஏற்றது. இலங்கையின் விருப்பு வாக்குச் சண்டை இங்கும் வராதிருக்கக் கடுமையான செலவு வரம்பு தேவை.

தொகுதிக்கு ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை. 1951–52 பொதுத்தேர்தலில் மக்களவையின் 401 தொகுதிகளில் 86 இரட்டை உறுப்பினர் தொகுதிகள், ஒன்று மூன்று உறுப்பினர் தொகுதி. இரட்டை உறுப்பினர் தொகுதிகளை 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஒழித்தது. உள்ளாட்சியில் வாய்ப்பு இன்னும் அருகில் உள்ளது. நகராட்சித் தேர்தல் விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு உண்டு. செவ்வாய்ப்பேட்டை அடங்கிய சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளை ஐந்து, ஆறு உறுப்பினர் கொண்ட பெரிய வார்டுகளாக்கி, வாக்குப் பங்குக்கேற்ப மன்ற இடங்களை நிரப்புவதற்குச் சென்னையில் ஒரு சட்டத் திருத்தம் போதும்.