முதல் நூறு டர்ன்: ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சிவிலைசேஷன் கணக்கு

சிவிலைசேஷன் ஆடியவர்களுக்கு இந்த இக்கட்டு நன்றாகத் தெரியும். கி.மு. 4000. கையில் ஒரு குடியேறி, ஒரு போர்வீரன், சுற்றிலும் இருட்டு. முதல் ஊரை அமைத்த உடனே விளையாட்டு ஒரு கேள்வி கேட்கும்: அடுத்து எதை ஆராயப் போகிறாய்?

ஆடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1991ல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய கணினி விளையாட்டு இது. சதுரங்கம் மாதிரி மாறி மாறி ஆட வேண்டும். ஒரு டர்னில் உங்கள் வேலையை முடித்தால், அடுத்து எதிராளிகள் முடிப்பார்கள். கற்காலத்தில் தொடங்கி விண்வெளி வரை போகலாம். 2025ல் வந்த ஏழாம் பதிப்பில் சோழர்கள்கூட இருக்கிறார்கள். நான் இன்னும் 2005ல் வந்த நான்காம் பதிப்பிலேயே இருக்கும் பழைய ஆள்.

அதில் முதல் நூறு டர்னுக்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, வெண்கலத்தை ஆராய்வது. ஆராய்ந்ததும் வரைபடத்தில் செம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். அதை வைத்து கோடரி வீரர்களைக் குவித்து, பக்கத்து ராஜா சுதாரிப்பதற்குள் அவன் தலைநகரைப் பிடித்துவிடலாம். ஆட்டக்காரர்கள் 'ஆக்ஸ் ரஷ்' என்பார்கள். இன்னொன்று, சண்டையே வேண்டாம் என்று எழுத்து, நூலகம், கணிதம் எனப் போவது. கோடரியா, ஏடா? இதுதான் கேள்வி.

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கத்தில் இறங்கும். செங்கத்தை நெருங்கும்போது வடக்கே ஜவ்வாது மலை நீளமாகக் கூடவே வரும். அந்தச் சாலையில் பலமுறை போயிருக்கிறேன். இது ஒரு அச்சு அசலான சிவிலைசேஷன் வரைபடம் என்று உறைக்க ரொம்ப நாளானது. மேற்கே பாராமகால் மேட்டுநிலம், கிழக்கே காஞ்சி வரை விரியும் ஏரிப்பாசன சமவெளி, நடுவில் மலைகளுக்கிடையே ஒரு கணவாய். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் கம்பெனிப் படையும் மோதிய செங்கம் போர் நடந்தது இங்கேதான். படை எடுத்து வருபவன் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஜவ்வாதில் பிறக்கும் செய்யாறும் செங்கத்தைத் தொட்டுத்தான் கிழக்கே போகிறது.

சரி, இந்த வரைபடத்தில் உண்மையான மனிதர்கள் முதல் நூறு டர்னை எப்படி ஆடினார்கள்?

வெண்கலம் இல்லாத மரம்

விளையாட்டில் தொழில்நுட்பங்கள் ஒரு மரமாக, அம்புக்குறிகளோடு இருக்கும். இரும்பு வேண்டுமென்றால் முதலில் வெண்கலத்தை முடித்தாக வேண்டும். மென்பொருள்காரனுக்கு இது இயல்பாகத் தெரியும். ஒரு லைப்ரரியை நிறுவுவதற்கு முன் அது சார்ந்திருப்பதை நிறுவ வேண்டும், அவ்வளவுதானே.

ஆனால் தென்னிந்தியாவில் அந்த அம்புக்குறி கிடையாது. இங்கே புதிய கற்காலத்தை அடுத்து நேராக இரும்புக் காலம் வருகிறது. தனியாக ஒரு வெண்கலக் காலம் என்று சொல்லும்படி நடுவில் எதுவும் இல்லை. வெண்கலப் பொருட்கள் கிடைக்கின்றன. ஆனால் ஆதிச்சநல்லூரில் பார்ப்பதுபோல, அவை இரும்போடு கூடவே வருகின்றன.

ஜவ்வாது மலைக்கு மேற்கே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டச் சிவகளையை வைத்து அதை கி.மு. 3345 வரை கொண்டுபோனது. அதே அறிக்கையில், ஜவ்வாது மலை இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்நமண்டி ஈமப்பேழைக்கு கி.மு. 1692 என்ற காலம் வருகிறது. சிவகளைக் கணக்கைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் ஓயவில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் வரிசை மாறவில்லை: கல், பிறகு இரும்பு.

ஏன் இப்படி? முதல் காரணம் எளிமையானது. தமிழ்நாட்டில் செம்புத் தாது அரிது, இரும்புத் தாது தாராளம். சேலத்திலிருந்து திருவண்ணாமலை வரை மேக்னடைட் பாறைகள் கிடக்கின்றன. விளையாட்டில் ஆராய்ச்சியை முடித்தால்தான் இரும்பு கண்ணுக்குத் தெரியும். இங்கே மழை பெய்து ஓய்ந்தால் ஓடை மணலில் கருப்பாகவே தெரியும். இன்னொரு காரணம் வேதியியல். பழைய உலையில் இரும்பை உருக்கித் திரவமாக்க வேண்டியதில்லை. கரியோடு சேர்த்துச் சூடேற்றி, ஆக்சிஜனைப் பிரித்து, கசடோடு வரும் கட்டியைத் தட்டித் தட்டிச் சுத்தம் பண்ணினால் போதும். செம்பு வேலை தெரிந்தால் உதவும்; கட்டாயம் இல்லை.

விளையாட்டு தவறவிடும் இன்னொன்றும் உண்டு. அதில் புதியது வந்தால் பழையது காலாவதி. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, புதிய கற்கால வாழ்விடமும் அதன்மேல் இரும்புக்கால வாழ்விடமும் ஒரே மேட்டில் கிடைத்தன. ஆடு மாடு வளர்த்து, கொள்ளு, பயறு விதைத்த ஜனங்கள். ஊரை யாரோ பிடித்து, எரித்து, புது நாகரிகம் அமைத்த கதை அங்கே தேவைப்படவில்லை. ஜவ்வாது மலை ஊர்களில் வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கைக்கோடரிகளைக் கோயிலில் வைத்து இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். நம்முடைய முதல் 'ஆக்ஸ்மேன்' கையில் இருந்த ஆயுதத்தை யாரும் டெலீட் செய்யவில்லை. பதவி உயர்வு கொடுத்துச் சாமியாக்கிவிட்டார்கள்!

ஊரைப் பிடிப்பதா, மாட்டைப் பிடிப்பதா?

இப்போது கோடரிப் பக்கம். நான்காம் பதிப்பை ஆடியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்தக் குழியில் விழுந்திருப்பார்கள். ஆரம்பத்திலேயே நாலைந்து ஊரைப் பிடித்தாயிற்று, வரைபடம் முழுக்க நம்ம நிறம். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் பராமரிப்புச் செலவு. தலைநகரிலிருந்து தூரம் கூடக் கூடச் செலவும் ஏறும். கஜானா காலி. ஆராய்ச்சிக்கான ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொண்டே வந்து பூஜ்யத்தில் நிற்போம். வென்றதாலேயே தோற்றுக்கொண்டிருப்போம்.

செங்கம் வட்டாரத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பது என் எண்ணம். அவர்கள் முதலில் பிடித்தது ஊரை அல்ல, மாட்டை.

1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகத் தேடி நடுகற்களைப் பதிவு செய்தது. இரா. நாகசாமியின் 'செங்கம் நடுகற்கள்' 1972ல் வெளிவந்தது. அந்தக் கல்வெட்டுகளைப் படித்தால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: தொறு. தொறு என்றால் மாட்டு மந்தை. யாரோ தொறுவைக் கவர்ந்தபோது செத்தான், அல்லது தொறுவை மீட்டுச் செத்தான். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. தொல்காப்பியம் போரின் தொடக்கமாக வெட்சியை, அதாவது ஆநிரை கவர்தலை, வைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல்லிலும் விஷயம் ஆகோள்தான். அங்கிருந்து செங்கம் நடுகற்கள் வரை, பல நூறு வருஷங்களுக்கு அந்த முதல் நகர்வு மாறவே இல்லை.

மலையடிவாரத்தில் இது ஏன் புத்திசாலித்தனம் என்று யோசித்துப் பாருங்கள். மானாவாரி நிலத்தைப் பிடித்தால் உழ ஆள் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், வரி வாங்க ஆள் வேண்டும். மாட்டைப் பிடித்தால் அதுவே நடந்து உங்கள் ஊருக்கு வந்துவிடும். பால், எரு, உழவு எல்லாம் அதிலேயே இருக்கிறது. பராமரிப்புச் செலவு புல். ஆக்ஸ் ரஷ்ஷோடு இதை ஒப்பிட முடியாது. எதிராளியின் வேலையாளைக் கடத்திக்கொண்டு வந்துவிடும் தந்திரம் ஒன்று உண்டே, அதுதான் கிட்டே வரும்.

ஆனால் இதில் யாரும் ஜெயித்து முடிப்பதில்லை. இன்று நீ கவர்வாய், நாளை அவன் மீட்பான். ஆள் செத்துக்கொண்டே இருப்பான். எல்லைக்கோடு மட்டும் அசையாது.

காஞ்சி உள்ளே வந்த விதம்

அப்படியானால் இந்த வட்டாரத்தை 'வென்றது' யார்? நடுகல்லின் முதல் வரியிலேயே பதில் இருக்கிறது.

எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்வோம். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரைசரின் உறவினரிடம் சேவகனாக இருந்த கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகச் சண்டையிட்டுச் செத்தான். அவன் நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது. இவ்வளவும் கல்லில் இருக்கிறது, நாயின் உருவத்தோடு.

இதே மகேந்திரன்தான் இதே மாவட்டத்துச் சீயமங்கலத்தில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவன், 'மத்தவிலாச பிரகசனம்' என்ற நாடகத்தை எழுதியவன். நூலகப் பக்கம் போன ஆட்டக்காரன் என்று தாராளமாகச் சொல்லலாம். எருமைச் சண்டையைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான். ஆனாலும் கல்லில் முதலில் நிற்பது அவன் ஆண்டுக்கணக்கு. நடுவில் வாணர் குலத் தலைவர். கடைசியில் செத்தவன். எழுத்தோ, காஞ்சியின் எழுத்து கிடையாது. உள்ளூரில் புழங்கிய வட்டெழுத்து.

என் வாசிப்பு இதுதான்: இங்கே ஏடு கோடரியைத் தோற்கடிக்கவில்லை. கோடரிக்காரன் சாவை எழுதி வைக்க ஒரு எழுத்தும் ஒரு நாள்காட்டியும் தேவைப்பட்டன. அந்த நாள்காட்டி வழியாகக் காஞ்சி உள்ளே வந்தது. தொறு கவர்வதை அரசு நிறுத்தவில்லை. அதற்குத் தேதி போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது. ஆக, கோடரியா ஏடா என்ற கேள்வியே இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. ஒரே கல்லில் இரண்டும் இருக்கின்றன.

பெயர் இருக்கும் வீரன்

இந்தப் பக்கத்தில் பல நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். திருவண்ணாமலை அருகே வேடியப்பன் பெயரிலேயே ஒரு மலை உண்டு. பக்கத்துக் கவுத்திமலையும் அதுவும் இரும்புத் தாது மலைகள். அங்கே தாது வெட்டியெடுக்கும் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார ஜனங்கள் எதிர்த்தார்கள். இரும்பு கண்ணுக்குத் தெரிந்தால் உடனே சுரங்கம் போடு என்பதுதான் விளையாட்டில் நமக்குப் பழக்கம். வேண்டாம் என்று சொல்ல அதில் பட்டனே கிடையாது.

விளையாட்டில் ஒரு கோடரி வீரன் 35 சுத்தியல். செத்தால் ஒரு சத்தம், மூலையில் ஒரு வரி, அவ்வளவுதான். அடுத்தவனுக்கு உத்தரவு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரை அனுப்பியிருப்பேனோ! ஒருத்தன் பெயரும் ஞாபகமில்லை, ஏனென்றால் பெயரே வைக்கவில்லை. எடுத்தனூர்க்காரர்கள் நாயின் பெயரைக்கூட விடவில்லை.

நான்காம் பதிப்பில் வீரனின் பெயரைச் சொடுக்கினால் மாற்றிக்கொள்ளலாம். போன வாரம் முதல் கோடரி வீரனுக்குக் கருந்தேவக்கத்தி என்று பெயர் வைத்து, எல்லை ஊரின் மேய்ச்சல் நிலத்தில் காவலுக்கு நிறுத்தினேன். பதினைந்து டர்ன் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு, வடக்கிலிருந்து வந்த காட்டுமிராண்டிகளிடம் செத்துப்போனான். மேய்ச்சல் நிலமும் போச்சு.

பழைய சேவ் ஃபைலைத் திறந்து இன்னொரு வீரனையும் அங்கே அனுப்பினேன். எடுத்தனூரில் அந்த வசதி இல்லை. அதனால்தான் கல் நட்டார்கள்.